டிக்கியில் வந்த சித்தி

பழைய பெட்ரோலும், ஈரம் காயாத கோணிப்பையும், ஸ்டெப்னி டயரின் ரப்பரும் ஒன்றாகப் பூட்டிக் கிடந்து வெயிலில் வெந்தால் ஒரு வாசனை வரும். வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நாற்றம்தான். இன்றைக்கும் ஏதாவது மெக்கானிக் ஷெட்டைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினால் என் நாக்கின் அடியில், வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த உப்பெச்சில் ஊறத் தொடங்கிவிடும். என் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதை நினைத்தால் புதுப் பாடப்புத்தகத்தின் மணமோ, கிறிஸ்துமஸ் கேக்கின் மணமோ நினைவுக்கு வருகிறதாம். எனக்கு அப்பாவின் அம்பாசிடர் டிக்கிதான் வருகிறது.

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது அந்த டிரைவ்-இன் தியேட்டரைப் பற்றி உருகி எழுதுவார்கள். காரில் உட்கார்ந்தபடியே பார்த்த படங்கள், வானத்துக்கு நடுவில் நின்ற அந்தப் பெரிய வெள்ளைத் திரை, கபாப், மசாலாக் கடலை, "அந்த மாதிரி நாளெல்லாம் இனி வருமா" என்ற பெருமூச்சு, அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள். நானும் அந்தக் காரில்தான் இருந்தேன். எனக்குக் குமட்டுகிறது. ஏன் என்று ஒரு தடவையாவது முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். அப்பா ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். அம்மா வீட்டில். அண்ணன் ராபினுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. எங்களோடு அம்மாவின் தங்கை ஸ்டெல்லா சித்தியும் இருந்தார். குடியாத்தத்தில் தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போன பிறகு இங்கே வந்து, ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கும் லைனில் சேர்ந்திருந்தார். இருபத்தாறு வயது. பள்ளிக்கூடப் பெண் போலச் சின்ன உருவம். அம்மாவின் பழைய ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துத்தான் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் உண்மையாகவே சினிமாவை விரும்பியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தியேட்டருக்குத் தின்னப் போவார்கள். சித்தி படம் பார்க்கப் போவார். திங்கட்கிழமை சாயங்காலம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே முழுக் கதையையும், வில்லன் எப்படிப் புருவத்தைத் தூக்கினான் என்பது உட்பட, எனக்குச் சொல்லிக்காட்டுவார்.

அப்பா ஃபாக்டரி ஏலத்தில் அந்த வெள்ளை அம்பாசிடரை எடுத்து வந்ததும் அதை எங்கே ஓட்டிக் காட்டுவது என்று தேடியபோது அகப்பட்டதுதான் டிரைவ்-இன். கே.ஆர். புரம் தாண்டி, பழைய மெட்ராஸ் ரோட்டில், முன்பு திராட்சைத் தோட்டமாக இருந்த நிலத்தை மட்டம் அடித்து யாரோ கட்டியிருந்தார்கள். மெயின் ரோட்டுப் பக்கம் உள்ளே போகிற கேட், பின்னால் ஏரிக்கரைப் பக்கம் வெளியே வருகிற கேட். நடுவில் வரிசை வரிசையாக மேடு கட்டி, ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிக் கார்க் கண்ணாடியில் தொங்கவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரும் எழுதாத மற்றவற்றை நான் எழுதுகிறேன். அந்தப் பெட்டியின் கைப்பிடி எப்போதும் முந்தின காட்சிக்காரர்களின் எண்ணெயில் பிசுபிசுக்கும். மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் ஆண்கள் காரைவிட்டு இறங்கியதும் நின்றபடியே சிறுநீர் கழிப்பார்கள். கபாப் போடுகிறவன் நாள் முழுக்க ஒரே எண்ணெயில் பொரிப்பான். அது காற்றில் வந்து நம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வரைக்கும் போகாது.

டிக்கெட் காருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு அதைக் கொடுக்க முடியாமல் இல்லை. கொடுக்காமல் உள்ளே போவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. சித்தி எங்களோடு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கேட்டுக்கு ஒரு ஃபர்லாங் முன்னால், பஞ்சர் கடையைத் தாண்டி இருந்த புளியமர நிழலில் காரை நிறுத்துவார். இறங்கி டிக்கியைத் திறப்பார். சித்தி சேலையைக் கணுக்காலோடு சுருட்டிக்கொண்டு ஏறி, முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்துக்கொள்வார். "காருக்குள்ள இருக்கறதுதான் ஆளு. டிக்கியில இருக்கறது லக்கேஜு!" என்று ஒவ்வொரு வாரமும் அப்பா சொல்வார், ஒவ்வொரு வாரமும் நாங்கள் சிரிப்போம். அம்மாவும் சிரித்தபடி, "அஞ்சு நிமிசம்தானே ஸ்டெல்லா, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்பாள். முதல் சில தடவை சித்தியும் சிரித்தார்.

அஞ்சு நிமிஷம் என்பது பொய். முதல் காட்சி ஏழு மணிக்கு; முன்வரிசையில் இடம் பிடிக்க அப்பா ஆறேகாலுக்கே உள்ளே போய்விடுவார். முழுக்க இருட்டினால்தான் திரையில் படம் தெரியும். அதுவரைக்கும் கேட்காரர்கள் கையில் கம்போடு கார்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார்கள். இருட்டி, படம் தொடங்கி, அவர்கள் டீ குடிக்க ஒதுங்கிய பிறகுதான் அப்பா இறங்கி, சோம்பல் முறிக்கிற பாவனையில் பின்னால் போய் டிக்கியைத் திறப்பார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கிடையில் ராபின் பின்சீட்டின் முதுகில் "டொக் டொக்" என்று தட்டுவான். உள்ளேயிருந்து சித்தி பதிலுக்குத் தட்டுவார். எங்களுக்கு அது விளையாட்டு. வெளியே வரும்போது சித்தியின் நெற்றி முடியெல்லாம் ஈரமாக ஒட்டியிருக்கும், சேலையில் கறுப்பாக எங்காவது கறை இருக்கும். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். அப்பா கண்ணாடியில் பார்த்து, "லக்கேஜ் வந்து சேர்ந்துடுச்சு" என்பார். மறுபடி சிரிப்போம்.

அந்த வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் டிக்கியில் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். ராபின் அதை ஏதோ ரகசியக் குகை போலச் சொல்லிச் சொல்லி என் ஆசையைக் கிளறிவிட்டிருந்தான்.

"வோணாம் பாப்பா. உள்ள ரொம்ப புழுக்கம்" என்றார் சித்தி. டிக்கியைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வரட்டுமே ஸ்டெல்லா. இதோட அரை டிக்கெட்டும் மிச்சம்" என்று சொல்லி அப்பா என்னைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மூடி விழுந்ததும் வெளிச்சம் போயிற்று. துரு தின்ற ஒரு ஓட்டையிலிருந்து மட்டும் ஊசி போல ஒரு கீற்று. என் முதுகில் ஸ்பேனர் பை குத்தியது. காலடியில் அப்பா எப்போதும் வைத்திருக்கும் பெட்ரோல் கேன். மூடி சரியாகப் பொருந்தாமல், வண்டி குலுங்கும்போதெல்லாம் சளக் சளக்கென்று சொட்டியது. அடியில் விரித்திருந்த கோணிப்பையில் எந்தக் காலத்திலோ மீன் கட்டி வந்திருக்க வேண்டும். சித்தி இருட்டில் தடவி இடுப்பிலிருந்து எதையோ எடுத்து, நகத்தால் கீறி, என் மூக்கருகே வைத்தார். எலுமிச்சம்பழம். டிரைவ்-இன் போகும் ஞாயிறுகளில் அவர் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஜூஸுக்கு என்று நினைத்திருந்தேன்.

"வாயால மூச்சு விடு. பேசாதே" என்றார். அவர் உதடுகள் என் காதருகே ஒரு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் பயந்திருக்கிறார் என்பதும் உடனே தெரிந்தது.

கார் நின்றது. எங்கள் தலைக்கு மேலே தகரத்தில் யாரோ கம்பால் தட்டினார்கள்.

"டிக்கி தெகீரி சார்" என்றது ஒரு குரல். கேட்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்கிறார். சித்தியின் ஜெபம் நின்றது.

"ஒளகே ஏனூ இல்லப்பா. சாமான் அஷ்டே" என்றார் அப்பா. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் சாமான்தான் என்று கன்னடத்தில், சிரித்துக்கொண்டே. பிறகு எதையோ சொல்லி அந்த ஆளையும் சிரிக்க வைத்தார். வண்டி நகர்ந்தது. அப்பா அதைச் சொன்ன விதத்தில் துளி தயக்கம்கூட இல்லை. வெளியே உட்கார்ந்து கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் இடத்தில் போய் நின்றதும் ராபின் வழக்கம்போலத் தட்டினான். சித்தி பதிலுக்குத் தட்டினார். அது விளையாட்டு இல்லை, "இன்னும் இருக்கேன்" என்று சொல்வது என்று பக்கத்தில் படுத்திருந்தபோதுதான் புரிந்தது. பிறகு இன்னொரு கார் பக்கத்தில் வந்து நிற்கும் சத்தம். கதவுகள் திறந்து மூடின. அப்பாவின் குரல் ஒரேயடியாக மெலிந்து, இனித்து, வேறு யாருடைய குரல் போலவோ ஆனது.

"குட் ஈவினிங் சார்! மேடம், வாங்க வாங்க! நீங்களும் இங்கதானா?"

ஃபாக்டரியில் அப்பாவுக்கு மேலே இருந்த மேனேஜரும் அவர் மனைவியும். அப்பா இறங்கிப் போய் நின்றுகொண்டு பேசினார், கபாப் வாங்கி வந்து நீட்டினார், மேனேஜர் சொன்ன எதற்கெல்லாமோ சிரித்தார். நேரம் போனது. வெயிலில் வந்த தகரம் இன்னும் ஆறவில்லை. ஓட்டையில் தெரிந்த கீற்று சாம்பலாகி, பிறகு காணாமல் போயிற்று. படம் தொடங்கிவிட்டது, பாட்டு எங்களுக்குக் கேட்கவில்லை, தகரத்தின் அதிர்வாகத்தான் வந்தது.

பின்சீட்டின் முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஏங்க... டிக்கி..."

"சும்மா இருடி. சார் பக்கத்துலயே இருக்காரு. இன்டர்வெல்ல பாக்கலாம்."

அம்மா சும்மா இருந்தாள்.

மதியம் சாப்பிட்ட மட்டன் பிரியாணி அப்படியே என் தொண்டைக்கு ஏறி வந்தது. சித்தியின் மடியில் எடுத்தேன். பெட்ரோலும் அதுவும் சேர்ந்து அடித்ததில் மறுபடி எடுத்தேன். அதற்குப் பிறகு மூச்சை இழுத்தால் உள்ளே எதுவும் வரவில்லை. சித்தி தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தார், சீட்டின் முதுகில் கையால் ஓங்கித் தட்டினார். ராபின் கிக்கிக்கென்று சிரித்துத் திருப்பித் தட்டினான். மறுபடி தட்டினார், அவனும் மறுபடி. அதன்பிறகு சித்தி என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, பையிலிருந்து வீல் ஸ்பேனரை உருவி, படுத்தபடியே மூடியை அடித்தார். டங். டங். டங். காது கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை.

டிக்கி திறந்தது. காற்று. எனக்கு முதலில் தெரிந்தது அப்பாவின் முகம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற கலவரம் அதில் இருக்கும் என்று நினைத்தேன். கடுங்கோபம்தான் இருந்தது, அதுவும் ஒரு நொடிதான். பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றதும் கோபம் மறைந்து சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் கையில் கபாப் குச்சி. இரண்டு மூன்று கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள்.

"என்னப்பா இது? டிக்கியில யாரு?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமில்ல சார், பசங்க விளையாட்டு. இது நம்ம பொண்ணு. அது என் கொழுந்தியா. அதுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்ல சார். கொழந்தைங்கள இழுத்துக்கிட்டு எங்கயாவது போய் ஒளிஞ்சிக்கும். வூட்லயும் இப்படித்தான், கட்டிலுக்குக் கீழ, பீரோவுக்குப் பின்னால. நாங்க கவனிக்கல."

"ஐயோ பாவம்" என்றார் மேனேஜரின் மனைவி.

சித்தி டிக்கியிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். கலைந்த தலை, மடி முழுக்க என் வாந்தி, கையில் வீல் ஸ்பேனர். அப்பா சொன்னது போலவேதான் இருந்தார். அங்கிருந்த யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஆனால் அப்பாவுக்கு அது போதவில்லை. என் முன்னால் குனிந்து, என் கன்னத்தைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாப்பா, நீயே அங்கிள் கிட்ட சொல்லு. யாரு உன்னை டிக்கிக்குள்ள கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவர்களுக்கு முதுகு காட்டியிருந்த அந்த இடத்தில், எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார்.

"சித்தி" என்றேன்.

பயந்து சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ வருஷம் முயன்றிருக்கிறேன். பயம் இல்லை. அப்பா பெரியவர்கள் விஷயத்தில் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் என்ற பெருமை. அதுவரை ராபினிடம் மட்டுமே அப்படிக் கண்ணடிப்பார். மேனேஜரின் மனைவி எனக்கு ஒரு ஆரஞ்சுக் கலர் வாங்கிக் கொடுத்தார். வாயில் இன்னும் வாந்தி நெடி இருந்தது. அதோடு சேர்த்து, பாட்டில் காலியாகும்வரை உறிஞ்சிக் குடித்தேன்.

சித்தி ஸ்பேனரை டிக்கியில் வைத்து, மூடியை மெதுவாக அழுத்திச் சாத்தினார். அப்பாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "அக்கா, பாப்பாவக் கழுவிக் கூட்டிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கழிப்பறைப் பக்கம் அழைத்துப் போனார். அந்தக் கழிப்பறையை விவரிக்க மாட்டேன். வாசலில் செங்கல் வைத்துத் தாண்டிப் போக வேண்டும் என்பது போதும். வெளியே இருந்த குழாயடியில் என் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மறுபடி போட்டுவிட்டார். தன் சேலையை அப்படியே விட்டுவிட்டார்.

"சித்தி, கோவமா?" என்றேன்.

"வாயக் கொப்புளி" என்றார்.

என்னைக் காருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட, பின்பக்கத்து கேட்டை நோக்கி நடந்து போய்விட்டார். அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார். நாங்கள் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. அப்போது சித்திக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தங்கவயலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சித்திக்குப் பிடித்த படம் எது என்று கேட்டாராம். அதைச் சித்தி என்னிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். அவர் போட்டோ சித்தியின் பைபிளுக்குள் இருந்தது. அந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வேலை பார்த்தது அப்பாவின் ஃபாக்டரியில். பெண் எப்படி என்று விசாரிக்க அவர் போனது மேனேஜரிடம். மேனேஜர் கெட்டவர் இல்லை. தான் கண்ணால் பார்த்ததையும், பெண்ணின் அக்கா புருஷனே சொன்னதையும் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

தங்கவயலிலிருந்து பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சர்ச்சில் ஒரு அம்மா சித்தியிடமே வந்து, தோளில் கை வைத்து, "இப்ப மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறியா ஸ்டெல்லா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்று மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மாமா, நீங்க ஒரு வாட்டி போய் அவங்க கிட்ட உண்மைய சொல்லிடுங்க. அது போதும்."

"என்னான்னு சொல்றது? டிக்கெட்டு வாங்காம ஏமாத்துனேன்னா? அந்த மேனேஜர் மொகத்துல நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

"நான் பைத்தியம்னு சொன்னீங்களே, மாமா."

"வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன். இந்தப் பையன் இல்லன்னா இன்னொருத்தன். சோறு போடு." கடைசி இரண்டு வார்த்தை அம்மாவுக்கு. அம்மா போட்டாள். போட்டுக்கொண்டே, "நாமளே இவர அண்டித்தான் இருக்கோம் ஸ்டெல்லா" என்று மெல்லச் சொன்னாள். அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரல்களை ஒவ்வொன்றாக நக்கிச் சாப்பிட்டு முடித்தார். அந்தச் சப்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அடுத்த வாரமே சித்தி ஃபிரேசர் டவுனில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றுக்குப் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. ஆட்டோவில் இன்னும் இடம் மிச்சமிருந்தது. நாங்கள் அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவ்-இன் போனோம். நானும் போனேன். சித்தி உட்காரும் ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது. கபாப் தின்றேன், படம் பார்த்தேன். என்னைப் பற்றி எனக்கே மிகவும் அருவருப்பானது அதுதான். அந்த நிலத்தை விற்று தியேட்டரை மூடியபோது அழுதேன் வேறு.

சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு வரன் வந்ததா, வந்தும் அவர் மறுத்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. லைன் சூப்பர்வைசராக ஆகி, மர்பி டவுனில் தனியாக ஒரு சின்ன வீடு பிடித்துக்கொண்டார். நான் வேலைக்குப் போன பிறகு கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் சேலையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். டீ போட்டுத் தருவார், டிவியில் பார்த்த படத்தின் கதை சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்து, கடைசி வரிசையில் நின்று, போய்விட்டார்.

ஆனால் வீட்டில் அந்தக் கதை செழித்து வளர்ந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு ஞானஸ்நான விருந்திலும் யாராவது ஒருவர், "ஸ்டெல்லாவ டிக்கியில வெச்சிக் கடத்துனது ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பிப்பார்கள். அதில் வாந்தி இல்லை, மேனேஜர் இல்லை, தங்கவயல் இல்லை. ராபின் சொல்லும்போது சித்தியே ஆசைப்பட்டு ஓடிப்போய் ஏறுவதாக வரும்.

இந்த வருஷம் அப்பாவுக்கு எண்பது வயது முடிந்தது. ராபின் இப்போது பெரிய கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருக்கிறான். ஹொஸ்கோட்டை பக்கம் ஒரு பண்ணை வீட்டை ஒரு நாளைக்கு எடுத்து, காற்றடைத்து நிற்கவைக்கும் திரையை வாடகைக்கு வாங்கி, புல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி, அப்பாவின் "பொற்காலத்தை"த் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். சத்தம் கார் ரேடியோவில் வரும். காகிதக் கூம்பில் மசாலாக் கடலை, குச்சியில் கபாப். சித்தியையும் அழைத்திருந்தான். அறுபத்து மூன்று வயதில் எதற்காக வந்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை அப்பாவிடம் கடைசியாக ஏதாவது ஒரு சொல்லை எதிர்பார்த்திருக்கலாம். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தொடாத தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் ராபின் மைக்கைப் பிடித்தான். அவன் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். ஒருவன் அப்பா, ஒருவன் கேட்காரன், ஒரு பெண் கொண்டை போட்டுச் சேலை சுற்றிய சித்தி. "லக்கேஜ்! லக்கேஜ்!" என்று நாற்பது பேர் கைதட்டிக் கத்தினார்கள். அப்பா சக்கர நாற்காலியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ராபினின் பெரிய காரின் டிக்கி தானாக மேலெழுந்து திறந்தது. உள்ளே சிவப்பு விரிப்பு, பலூன்கள், வண்ண விளக்குகள்.

"சித்தி பாட்டி, ப்ளீஸ்! ஒரே ஒரு போட்டோ! சும்மா உக்காந்து போஸ் குடுங்க!"

கையைப் பிடித்து இழுத்தார்கள். சித்தி எழுந்திருக்கவில்லை. யாரிடமும் கோபப்படவுமில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் போய் ராபின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். நான் அந்த டிக்கியில் இருந்தேன் என்றேன். எல்லோரும் "ஓ!" என்று கைதட்டினார்கள். நான் சித்தி மடியில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன், சிரித்தார்கள். மூச்சு முட்டிய பிறகும், மேனேஜர் பார்ப்பாரே என்று அப்பா திறக்கவில்லை என்றேன், சிரிப்பு குறைந்தது. சித்திக்குப் புத்தி சரியில்லை என்று அப்பா சொன்னார், நானும் பொய்ச் சாட்சி சொன்னேன், அதனால்தான் இவருடைய கல்யாணம் நின்றது என்றேன். காற்றுத் திரைக்குக் காற்றடிக்கும் மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாயோரத்தில் கபாப் மசாலா சிவப்பாக ஒட்டியிருந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நல்ல நாளும் அதுவுமா," என்றார். பிறகு ராபினிடம், "படத்தப் போடுடா."

ராபின் போட்டான். பாட்டு எழுந்தது. கடலைக் கூம்புகள் மறுபடி கைமாறத் தொடங்கின.

"பாப்பா, என்னைய வூட்ல விட்டுடறியா?" என்றார் சித்தி.

காரில் கொஞ்ச தூரம் போன பிறகு நான், "சித்தி, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"ஒம்போது வயசு புள்ள. அதுக்கு நான் கோவப்படல" என்றார். பிறகு, "பத்தொம்போதுல சொல்லியிருக்கலாம். இருபத்தொம்போதுல சொல்லியிருக்கலாம்" என்று, கணக்கு ஒப்பிப்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே பார்த்தார்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் இப்போது எதுவும் அடையாளம் தெரிவதில்லை. புளியமரங்களை ரோடு அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். பஞ்சர் கடை இருந்த இடத்தில் மேம்பாலத் தூண். ஏரியில் பாதிக்கு மேல் வீடுகள். திராட்சைத் தோட்டமும் திரையும் இருந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடங்கள் நாலைந்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு டிவி வெளிச்சம். கே.ஆர். புரத்துக்கு முன்னால் போக்குவரத்து நெரிசலில் நின்றோம். அந்தக் கட்டடங்களின் வாசலில் செக்யூரிட்டி ஒருவர் உள்ளே போகிற காரின் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இங்கதான சித்தி அந்த கேட் இருந்திச்சி? நாம உள்ள போவோமே?" என்று கேட்டேன்.

சித்தி கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"வெளிய வர்ற கேட்டுதான் எனக்குத் தெரியும் பாப்பா. உள்ள போற கேட்ட நான் பாத்ததே இல்லையே" என்றார்.